சலானைக் கட்டும் முன் படித்துப் பாருங்கள்

போக்குவரத்துச் சலான் விஷயத்தில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். கைபேசியில் செய்தி வந்ததுமே என்ன, ஏது என்று பாராமல் பணத்தைக் கட்டிவிட்டவர்கள் ஒரு வகை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மாதக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு, வண்டியை விற்கவோ எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கவோ போன இடத்தில் நிலுவை குறுக்கே நிற்க, ஓடிவருபவர்கள் இன்னொரு வகை. சென்னை ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் வழக்காடுகிற நான் இரு தரப்புக்கும் ஒன்றைத்தான் சொல்கிறேன். சலான் என்பது உங்கள் மீது காவல்துறை வைக்கும் குற்றச்சாட்டு. அதை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். எதைச் செய்தாலும் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

அதில் வாகன எண், நாள், நேரம், இடம், மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு ஆகியவை இருக்கும். அரசின் பரிவாஹன் இ-சலான் இணையதளத்தில் சலான் எண்ணைக் கொடுத்தால் கேமரா எடுத்த படத்தையும் பார்க்கலாம். படத்தை அவசியம் பாருங்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒருவரிடம் இருப்பது ஸ்கூட்டர். சலானில் இருந்த படமோ மோட்டார் சைக்கிள். நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்தைக் கேமரா தவறாகப் படித்திருந்தது. இப்படி நேர்ந்தால் ஆர்.சி. (பதிவுச் சான்று) நகலையும் உங்கள் வண்டியின் படத்தையும் இணைத்து அதே தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். எண் அப்படியே உங்களுடையதாக இருந்து வண்டி மட்டும் வேறாக இருந்தால், யாரோ உங்கள் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று பொருள். உடனே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். நாளை அந்த வண்டி விபத்தில் சிக்கினால் உங்களைக் காப்பது அந்த ரசீதுதான். கேமரா பதிவை வைத்து அனுப்பும் நோட்டீஸ், சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ சொல்வதையும் நினைவில் வையுங்கள்.

கட்டாமல் விட்ட சலான், இணையவழி நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே அபராதத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வழக்கு முடியும். மறுக்கிறேன் என்று குறிப்பிட்டால் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். ஆனால் ஹெல்மெட் இல்லாமல் போனது உண்மையென்றால் 1,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2019 சட்டத் திருத்தத்தின்படி உயர்ந்த அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை 2,000, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய்.

பணத்தைக் கட்டியதோடு முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், கைபேசியில் பேசியபடி ஓட்டுதல் ஆகிய ஆறு குற்றங்களுக்கும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸைத் தற்காலிகமாக ரத்து செய்ய வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு மாநிலங்களை அறிவுறுத்தியது. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வண்டி நிற்கக் கூடாது என்று முதலாளி அபராதத்தைக் கட்டிவிடுகிறார். ஓட்டுநரும் நிம்மதியாகிவிடுகிறார். சில வாரம் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருகிறது. ரத்தாகப் போவது முதலாளியின் லைசென்ஸ் அல்ல. மூன்று மாத வருமானம் போனால் அந்த வீட்டில் வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஆட்டம் காணும். அந்த நோட்டீஸை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போட முடியாது என்று பிரிவு 19 சொல்கிறது. உத்தரவு வந்துவிட்டாலும் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மூலக்கடையிலோ பேசின் பிரிட்ஜிலோ போலீசார் வண்டியை நிறுத்தச் சொன்னால், முதலில் ஓரமாக நிறுத்திவிட்டு எஞ்சினை அணையுங்கள். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ உள்ள ஆவணங்கள் சட்டப்படி செல்லும். லைசென்ஸை எடுத்துக்கொண்டால் அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும்; பணிவாகக் கேட்டு வாங்குங்கள். சலான் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கையில் கொடுக்காதீர்கள். அங்கே நின்று வாதாடி வென்றவரை நான் பார்த்ததில்லை. குரல் உயர்ந்து, பணியைத் தடுத்ததாகத் தனி வழக்கில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மறுப்புக்கு இடம் நீதிமன்றம்.

வாட்ஸ்அப்பில் சலான் என்று சொல்லி ஒரு ஃபைலைப் பதிவிறக்கச் சொன்னால் அது மோசடி. அரசின் சலான் தளத்தின் முகவரி gov.in என்றுதான் முடியும். ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

இனி, எனக்கு மிகவும் கவலை தருவது பழைய வண்டி விற்பனை. வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வண்டி நான்கைந்து கை மாறியிருக்கும், ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருக்கும். 'தெரிந்த பையன்தான் சார், மாற்றிக்கொள்கிறேன் என்றான்' என்பார்கள். விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. தெரிவிக்காவிட்டால் சலான்கள் உங்களுக்கே வரும். விபத்து நடந்தால் நிலைமை இன்னும் மோசம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸும் காலாவதியாகியிருந்தால் லட்சக்கணக்கில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகிப் பெயர் மாற்றம் முடியும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

சாவி விஷயத்தில் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், பிரிவு 199ஏ-யின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றான் என்றோ, தடுக்க முயன்றேன் என்றோ நிரூபித்தால் பெற்றோர் தப்பலாம். 'பக்கத்துத் தெரு டியூஷனுக்குத்தானே அனுப்பினேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே, காவல் நிலையத்தில் எதையும் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு.