அந்தத் தேத்தண்ணிக் கோப்பைக் கணக்கு

போன கிழமை இரவு மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து ஒருவரை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். மனைவியின் மடியில் தலைவைத்து மல்லாக்கக் கிடந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது. மகளின் கையில் ஒரு ஷொப்பிங் பேக். அதற்குள் சுருட்டிய சாரம், முழுக்க நுரை கலந்த சிவப்பு. "சூட்டுக்குத்தான் டொக்டர். இளநீர் குடுத்தம். இருமலோட ரத்தம் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான் வந்தது" என்றார் மனைவி.

இந்த மாதம் இது மூன்றாவது ஆள். மூன்று வீட்டாரும் சொன்னது இதே கோப்பைக் கணக்கு.

நெஞ்சிலிருந்து ரத்தம் வருகிறவர் பெரும்பாலும் ரத்தம் குறைந்து சாவதில்லை. மூச்சு அடைத்துச் சாகிறார். மூக்கிலிருந்து நுரையீரலின் சிறு குழாய்கள் வரை, காற்று போய்வரும் பாதை முழுவதும் சேர்த்தே சுமார் 150 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அதே தேத்தண்ணிக் கோப்பை! வயலில் கால் வெட்டுப்பட்டு அவ்வளவு ரத்தம் போனால் தையல் போட்டு அனுப்பிவிடுவோம். மூச்சுக்குழாய்க்குள் அவ்வளவு நின்றால் ஆள் இல்லை. "முதலில் ரத்தம் ஏத்துங்க" என்று எங்களை நெருக்காதீர்கள், நாங்கள் முதலில் காப்பாற்றுவது மூச்சை.

ஆகவே மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். எந்தப் பக்கம் குறுகுறுக்கிறது என்று கேளுங்கள், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சரித்துப் படுக்க வையுங்கள். நல்ல நுரையீரல் மேலே இருந்தால் ரத்தம் அதற்குள் இறங்காது. பக்கம் தெரியாவிட்டால் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இருமித் துப்பட்டும், இருமலை அடக்கும் பாணி வேண்டாம். இளநீரும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள், அதில் ஒட்சிசன் இருக்கும்.

கசியும் நாடியை ஸ்கானில் கண்டுபிடித்து, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அடைக்கலாம். அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. மாற்றி அனுப்ப எங்களுக்கு நேரம் வேண்டும்.

வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு சளியில் ரத்தம் என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே வாருங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அப்புறம், ஓட்டோவில் வந்த அந்த மனிதர். இருபது வருஷத்துக்கு முன் கசநோய் வந்து மாறியவர். பழைய வடு இருந்த இடத்திலிருந்துதான் ரத்தம். மூன்று மாதமாகச் சளியில் கீற்றுக் கீற்றாக வந்திருக்கிறது. ஊரார் கசம் என்பார்கள் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தயவுசெய்து அந்த முதல் கீற்றோடேயே மார்பு நோய் கிளினிக்குக்கு வாருங்கள். காசு வாங்கமாட்டோம். அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கும் பழைய எக்ஸ்றேயையும் எடுத்து வாருங்கள்.