கேமிங் பிசிக்கு எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் முடிவு செய்யுங்கள்

கேமிங் பிசி அசெம்பிள் செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் லிஸ்ட் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் வரியில் கிராஃபிக்ஸ் கார்டு, அடுத்து பிராசசர், ராம், எஸ்எஸ்டி. கேபினெட் எந்த நிறம், கலர் விளக்கு எரியும் ஆர்ஜிபி ஃபேன் எத்தனை என்பதுகூடத் தெளிவாக எழுதியிருப்பார்கள். கடைசி வரியில் "எஸ்எம்பிஎஸ் 500 வாட்ஸ், ஏதாவது" என்று இருக்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். மொத்த பட்ஜெட் 70,000 ரூபாய் என்றால் அந்த 'ஏதாவது'க்கு மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம்.

சென்னையில் அசெம்பிளிங், சர்வீஸ் இரண்டும் பார்க்கிறேன். கேம் ஆடும்போது ரீஸ்டார்ட் ஆகிறது என்று வரும் மெஷின்களைத் திறந்தால் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிதான் காரணமாக இருக்கிறது. அதனால் லிஸ்ட்டைக் கீழிருந்து மேலாக எழுதச் சொல்கிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பெரிய எழுத்தில் உள்ள வாட்ஸை விடுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 18, மொத்தம் 216 வாட்ஸ். மேலே 450, 500 என்று எதை அச்சடித்திருந்தாலும் கேமுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நல்ல 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் இதே கட்டத்தில் 40 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கும்.

இப்போது கணக்குப் போடலாம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு இழுப்பது 115 வாட்ஸ். ரைசன் 5 5600 பிராசசர் முழு லோடில் 76 வாட்ஸ் வரை போகும். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 50 வைத்துக்கொண்டால் மொத்தம் 240 சொச்சம். 216 வாட்ஸ் தாங்கும் சப்ளையில் இதைப் போட்டால் டெஸ்க்டாப்பில் ஒன்றும் தெரியாது, யூடியூப் நன்றாக ஓடும். கேமில் ஒரு சண்டைக் காட்சி வந்ததும் திரை கறுத்துவிடும். பழி கிராஃபிக்ஸ் கார்டு மேல் விழும். டிரைவர் மாற்றி, விண்டோஸ் மாற்றி, கார்டை வாரண்டிக்கு அனுப்பி, அங்கே "பழுது இல்லை" என்று திரும்பி வந்த பிறகுதான் எஸ்எம்பிஎஸ் நினைவுக்கு வரும். சில மெஷின்களில் அதற்குள் மதர்போர்டே போயிருக்கும். லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் அதிக வோல்டேஜையும் ஷார்ட்டையும் தடுக்கும் சர்க்யூட்களைத்தான் முதலில் குறைத்துவிடுகிறார்கள். போகும்போது பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துக்கொண்டு போவது அதனால்தான்.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரான்ஸ் என்றால் பாதி லோடில் சுமார் 85 சதவீதத் திறன். அதாவது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்ற அளவு. அது பாதுகாப்புக்கான சான்றிதழ் அல்ல. நான் அதோடு இன்னொரு வரியையும் பார்ப்பேன்: இன்புட் 200–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, 100–240 என்று போட்டிருக்கிறதா? மே மாதம் இரவில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது 230 வரவேண்டிய வீட்டில் 180, 190 என்று இறங்குவது நம் ஊரில் புதிதல்ல. அந்த நேரத்தில் 100–240 போட்டது அசையாமல் ஓடும், மற்றது திணறும்.

அடுத்தது எர்த். இதற்கு எந்த லிஸ்ட்டிலும் வரி இருக்காது. "அண்ணா, கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இழுக்குது, மெஷின்ல கோளாறா?" என்று கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகச் சின்ன கெப்பாசிட்டர்கள் எர்த்துக்குப் போகும். எர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குப் போகவில்லை என்றால் கேபினெட்டின் இரும்பு, லைன் வோல்டேஜில் பாதியளவு, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் என்றாவது உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போனால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லை. கேபினெட்டே லைன் ஆகிவிடும். தொடுகிற பிள்ளையின் உடம்புதான் வழியாகும்.

எலெக்ட்ரீஷியனை அழைத்து, லைனுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் டெஸ்டர் இதற்குப் போதாது. கோடையில் எர்த் குழி காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றவேண்டும். பழைய வீடாக இருந்தால் குழியே இல்லாமலும் இருக்கலாம். ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்: பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவது. சுர்ரென்பது உடனே நின்றுவிடும், வேலை முடிந்தது போலத் தெரியும். பிறகு எங்காவது நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட்டும் கேபினெட்டில் நிற்கும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் கேமிங் பிசிக்கு முன்னால் அதைப் போடுங்கள். ஆர்ஜிபி ஃபேன் செட்டைக் குறைத்தால் பாதிச் செலவு அதிலேயே வந்துவிடும்.

யுபிஎஸ்ஸுக்கும் அதே கணக்குதான். 600 விஏ என்பது வழக்கமாக 360 வாட்ஸ். மேலே சொன்ன மெஷின் சுவரிலிருந்து எடுப்பது 290 போல, மானிட்டர் 30. இழுத்துப் பிடித்து நிற்கும். 180 வாட்ஸ் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ போட்டால் தாண்டிவிடும், 1 கேவிஏ வேண்டும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்க சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனால் எஸ்எம்பிஎஸ் முழு லோடில் சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் மெஷின் அணைந்திருக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில ஒத்துப்போகாது. சைன் வேவ்தான் சரி.

அப்புறம் கார்டு. வேலரன்ட், ஜிடிஏ 5 மாதிரி கேம்களை 1080பி மானிட்டரில் ஆட 8 ஜிபி மெமரி உள்ள கார்டு போதும். புது கேம்களை டெக்ஸ்சர் (காட்சியின் மேற்பரப்பு நுணுக்கம்) ஏற்றிவைத்து ஆடவேண்டும் என்றால் 8 ஜிபி நிரம்பிவிடும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் ஒரே பெயரில் 8 ஜிபியாகவும் 16 ஜிபியாகவும் விற்கின்றன. பெட்டியில் அந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060, மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ இணைப்பில் 8 லேன் (டேட்டா பாதை) மட்டுமே உள்ள கார்டு. ரைசன் 5 5600ஜி போன்ற, பழைய வேகமான பிசிஐஇ 3 மட்டும் தரும் பிராசசரோடு சேர்த்தால், மெமரி நிரம்பும் நேரத்தில் தடுமாற்றம் இன்னும் கூடும். காம்போ ஆஃபரில் 5600ம் 5600ஜியும் ஒன்று என்று சொல்லி மாற்றிக் கொடுப்பார்கள். கேமிங்குக்கு ஒன்றல்ல.

பழைய கார்டு வாங்குகிறவர்கள் ஆர்எக்ஸ் 580யில் கவனம். 2304 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்ன யூனிட்) உள்ள அசலோடு 2048 ஷேடர் உள்ள இன்னொன்றும் அதே பெயரில் சுற்றுகிறது. கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்த்து எண்ணைச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

ராம் 16 ஜிபி என்றால் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். 2025 கடைசியில் ராம் விலை ஏறியதிலிருந்து ஒற்றை ஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கிறேன். முடிந்தவரை வேண்டாம்.

கடைசியாக, எஸ்எம்பிஎஸ் மாற்றும் நாளில் நடக்கிற ஒரு விபத்து. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது, பழைய கேபிள்கள் உள்ளே அழகாகக் கட்டியிருக்கின்றன என்று அப்படியே விட்டு, டப்பாவை மட்டும் மாற்றுகிறார்கள். மதர்போர்டு பக்க முனைகள் எல்லா கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்க முனைகளின் வயரிங் அப்படியல்ல, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கனெக்டர் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்துவிடும், அதிலிருக்கும் வீட்டுப் புகைப்படங்களோடு. புது எஸ்எம்பிஎஸ் வந்தால் பழைய கேபிள் ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது.