டயாலிசிஸும் காப்பீட்டு அட்டையும்: வீட்டைப் பார்த்துத் தயங்க வேண்டாம்

"எங்க வீட்டப் பாத்தா யாரு கார்டு தருவா?" காரைக்குடிப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுதான். ஆனால் அதில் பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பங்கு. உள்ளே குடியிருப்பது வயதான ஐயாவும் ஆச்சியும் மட்டும். சிறுநீரகம் செயலிழந்து, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை என்று ஆகிவிட்டால் அவர்களுடைய வட்டிப் பணம் எந்த மூலைக்கு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் கணக்கு வீடு இல்லை, குடும்பத்தின் ஆண்டு வருமானம். அது 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. ராயவரம், அரிமளம் பக்கம் செட்டிநாடுதான் என்றாலும் மாவட்டம் புதுக்கோட்டை, அதனால் அங்கே போக வேண்டும். இது தெரியாமல் ஒரு நாளை வீணாக்கியவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முதலிலேயே கேட்டுவிடலாம்.

அட்டை ஆளுக்கு ஒன்று இல்லை, குடும்பத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் டயாலிசிஸுக்குச் செல்லும். கையில் ஃபிஸ்டுலா போடுவதும் (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக் குழாய்களை இணைக்கும் சிறு அறுவை), சிறுநீரக மாற்று அறுவையும் இதற்குள் வரும். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறுகிறது என்று டாக்டர் சொன்ன அன்றே அட்டை வேலையைத் தொடங்குங்கள் என்பேன். ஃபிஸ்டுலா போட்ட பிறகு அது ஊசி ஏற்றத் தயாராகவே ஆறு வாரமாவது ஆகும். கடைசி நேரத்தில் ஓடினால் டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய்தான். அப்புறம், ஃபிஸ்டுலா போட்ட கையில் ரத்தம் எடுக்கவோ பிரஷர் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள்.

பலருக்கும் தெரியாத இன்னொரு வழி, வயிற்று வழி டயாலிசிஸ். குழாய் வழியாக வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, கழிவோடு வெளியே எடுப்பது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பொதுவாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பிடிக்கும். மாற்றும்போது ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயில் மாஸ்க் கட்டிக்கொள்ள வேண்டும். தூசி பட்டு வயிற்றில் சீழ் பிடித்தால் பெரிய தொல்லை. வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி இருக்கும் கனத்த கதவு போட்ட சின்ன அறை ஒன்றைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் இதற்குத் தோதாக இருக்கும். பஸ் பிடித்து டவுனுக்குப் போய் நான்கு மணி நேரம் படுத்துத் திரும்ப முடியாதவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். எல்லோருடைய உடம்புக்கும் ஒத்துவராது, அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எந்தத் திட்டமும் கைகொடுக்காத இடம் தாகம். டயாலிசிஸில் இருப்பவர்கள் டாக்டர் சொன்ன அளவுதான் தண்ணீர் குடிக்கலாம். சித்திரை வெயிலில் அப்படி அளந்து குடிப்பது லேசில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, காலையிலேயே டாக்டர் சொன்ன அளவை ஒரு சொம்பில் ஊற்றி வைத்துவிடுவார். காப்பி குடித்தால் அதே டம்ளர் அளவுக்குச் சொம்பிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவார். ரசமும் மோரும்கூட அந்தக் கணக்கில்தான். உப்புக்கண்டமும் வற்றலும் இருக்கும் தட்டில் சொம்பு சீக்கிரம் காலியாகும் என்பது அவர் அனுபவம்.

சென்னை போன்ற ஊர்களுக்கு டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ ரயிலில் போகிறவர்களுக்கும், துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. சாதாரண இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, ஏசி சேர் காரில் 75 சதவீதம், முதல், இரண்டாம் வகுப்பு ஏசியில் 50 சதவீதம். ரயில்வே சொல்லும் படிவத்தில் மருத்துவமனை டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்டேஷன் கவுன்ட்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும்.