24 வோல்ட் எங்கே போனது?

சித்தப்பா வீட்டு கேட் பாதி தூரம் நகர்ந்து நின்றுவிடும். கையால் ஒரு தள்ளு கொடுத்தால் மிச்சத்தைக் கடக்கும். சில நாள் தொடங்கிய இடத்திலேயே முனகிவிட்டுப் பின்வாங்கும். மோட்டாரை மாற்றினார்கள், புதியதும் அப்படியே முனகியது. சக்கரங்களுக்கு கிரீஸ் வைத்தார்கள், தண்டவாளத்தில் சேர்ந்த மண்ணைச் சுரண்டினார்கள். மூன்றாவதாக வந்த எலக்ட்ரீஷியன் கேட் பக்கத்து முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, “24 வோல்ட் முழுசாக வருகிறது சார், ஒயரில் குறை இல்லை” என்றார்.

அவர் அளந்தது சரி. ஆனால் அளந்தபோது மோட்டார் ஓடவில்லை.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் மெல்லிய குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். திருகு மூடியிருக்கும்வரை குழாயின் கடைசி முனையிலும் அழுத்தம் முழுமையாக இருக்கும். திறந்ததும்தான் வண்டவாளம் தெரியும். ஒயரும் இப்படித்தான். மின்னோட்டம் இல்லாதவரை அது எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஓடத் தொடங்கியதும், ஆம்பியரை மின்தடையால் பெருக்கினால் வரும் வோல்ட்டைத் தன் பங்காகப் பிடித்துக்கொள்கிறது.

அந்த வீட்டில் நடந்தது இதுதான். மின்வெட்டு நேரத்திலும் ஓட வேண்டும் என்று 24 வோல்ட் நேர்மின் மோட்டார் வாங்கியிருந்தார்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் அதற்குப் போதும் என்பதால் நல்ல தேர்வுதான். ஆனால் மழையில் நனையக் கூடாதே என்று டிரான்ஸ்பார்மரும் பேட்டரியும் அடங்கிய பெட்டியை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, அங்கிருந்து 40 மீட்டர் தள்ளியிருந்த கேட்டுக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்திருந்தார்கள்.

ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் மின்தடை. மின்னோட்டம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே 40 மீட்டர் என்பது கணக்கில் 80 மீட்டர். ஒன்றரை சதுர மில்லிமீட்டரில் அது ஏறக்குறைய 0.92 ஓம். கேட் சீராக நகரும்போது மோட்டார் 5 ஆம்பியர் எடுத்தால் 4.6 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. நின்ற இரும்பை அசைக்கும் முதல் கணத்தில் அதே மோட்டாருக்கு 12 ஆம்பியர் தேவைப்படலாம். அதற்கு 11 வோல்ட் ஒயருக்கே அழ வேண்டும். அவ்வளவு இழந்தபின் 12 ஆம்பியர் எங்கிருந்து வரும்? வராது. இந்த வகை மோட்டாரின் முறுக்கு விசை ஆம்பியருக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், ஆம்பியர் குறைந்தால் தள்ளும் பலமும் குறைந்தது. வேகம் குறைந்ததைக் கண்ட கட்டுப்பாட்டுப் பலகை, எதிரே யாரோ நிற்பதாக எண்ணிக் கேட்டைத் திருப்பி அனுப்பியது.

இதில் யாரும் ஒயரைச் சந்தேகிக்காததற்குக் காரணம் உண்டு. ஒன்றரை ஒயர் 10 ஆம்பியரைச் சூடாகாமல் தாங்கும். கடையில் தொங்கும் அட்டவணை சொல்வது இந்தச் சூட்டுக் கணக்கை மட்டுமே. தூரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. வீட்டுக்குள் பத்து மீட்டர் ஒயரிங் செய்து பழகியவர்களுக்கு அது போதும். 24 வோல்ட்டை நாற்பது மீட்டருக்கு நடத்திச் செல்லப் போதாது.

24 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 120 வாட். இப்போது அதே 120 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பிப் பாருங்கள். ஆம்பியர் அரைதான். இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு, அதுவும் 230இல். முன்பு 19 சதவீதம் போனது, இப்போது 0.2 சதவீதம். மின்னழுத்தம் பத்து மடங்கு ஏறினால் இழப்பின் விகிதம் நூறில் ஒன்றாக விழுகிறது. ஊர்களுக்கிடையே உயரழுத்தக் கோபுரங்கள் நிற்பதும் இந்தக் கணக்கினால்தான்.

தடித்த ஒயர் போட்டும் சமாளிக்கலாம். பழைய எலக்ட்ரீஷியன்கள் 7/20 என்பார்கள், 20 கேஜ் கம்பி ஏழு இழை என்று பொருள். இன்றைய கணக்கில் நான்கு சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நான்கு போட்டால் ஓடும்போதான இழப்பு 1.7 வோல்ட்டாகக் குறையும். ஆனால் செப்பு விற்கும் விலையில், பெட்டியைக் கேட்டருகே மழை புகாத உறைக்குள் நகர்த்திவிட்டு அதுவரை 230 வோல்ட்டைக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். கடைசியில் சித்தப்பாவும் அதைத்தான் செய்தார்.

230 வோல்ட் மண்ணுக்குள் போகிறது என்றால் கவலை வேறு மாதிரி. வீட்டுக்குள் ஓடும் சாதாரண ஒயரை அப்படியே புதைக்கக் கூடாது. இரும்புக் கவசமுள்ள மூன்று கோர் கேபிள் வேண்டும்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். இரண்டரை அடி ஆழம், மேலே மணல், அதன்மேல் செங்கல் வரிசை. பின்னாளில் தென்னங்கன்றுக்குக் குழி வெட்டுபவரின் கடப்பாரை முதலில் செங்கல்லில் இடிக்கட்டும். நடுவழியில் ஒட்டு வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழை அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

எர்த்தில் கஞ்சத்தனம் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கேட் என்பது குழந்தைகள் ஏறி ஆடும் இரும்பு. மோட்டார் உடலும் கேட்டும் எர்த்துடன் இணைந்திருக்க வேண்டும்; வீட்டுப் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். எவர் உடல் வழியாகவோ கொஞ்சம் கசிந்தால், இமைப்பதற்குள் துண்டித்துவிடும்.

கேட்டின் குறுக்கே ஆள் நிற்பதைக் கண்டறியும் சென்சாரின் ஒயர்களைத் தனிக் குழாயில் விட வேண்டும். மின் கேபிளோடு ஒட்டி ஓடினால் மாறுமின் காந்தப்புலம் அவற்றில் சிறு மின்னழுத்தத்தைத் தூண்டி, இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டக்கூடும். அந்த ஒயர்கள் சாதாரண நிலையில் மூடிய சுற்றாகவே இருக்கும். வழி தெளிவாக இருக்கும்வரை மின்னோட்டம் ஓடும். குறுக்கே ஆள் வந்தாலும் நிற்கும், பெருச்சாளி ஒயரைக் கடித்தாலும் நிற்கும். இரண்டிலும் கேட் மூடாது.

சித்தப்பாவின் பள்ளத்தில் மூன்றாவதாக ஒரு காலிக் குழாயும் போட்டு, உள்ளே நைலான் கயிற்றை விட்டு வைத்தோம். வீண் செலவு என்று முணுமுணுத்தார். போன மாதம் அதே கயிற்றில் கட்டித்தான் கேமரா கேபிளை இழுத்தார்.