பழைய டிஸ்க்கைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

நாலு டெராபைட் டிஸ்க் இரண்டை மேசையில் வைத்துவிட்டு முதலாளி சொன்னார்: "தம்பி, சேர்வர்ல இடம் முடிஞ்சு போச்சு. ஒண்டைக் கழட்டிப்போட்டு இதை மாட்டுங்க. மற்றதுதான் கிடக்கே, பிறகென்ன?"

மட்டக்களப்பு நகரில் ஒரு மொத்த வியாபாரக் கடை அது. லினக்ஸ் சேர்வரில் ஒரு டெராபைட் டிஸ்க் இரண்டு, ரெயிட் 1 முறையில். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும்.

நானும் அவர் சொன்னபடியே செய்தேன். சனிக்கிழமை பின்னேரம் ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். பிரதி எடுப்பது 71 சதவீதத்தில் நின்றது. மிச்சமிருந்த பழைய டிஸ்க்கில் வாசிக்க முடியாத செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள். பல வருடமாக யாரும் திறக்காத பழைய ஸ்கேன்கள் கிடந்த பகுதி. அன்றாட வேலைக்கு அந்தப் பக்கம் யாரும் போகாததால் கோளாறு தெரியவில்லை. முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும்போதுதான் அது வெளியே வரும்.

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகை இரண்டிலும் வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறு இப்படியொரு முழுச் சோதனை தானாக ஓடும். ஆனால் சனி இரவு கடை பூட்டும்போது கரண்ட் மிச்சம் பிடிக்க சேர்வரையும் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சோதனை அங்கே ஒருநாளும் ஓடியதில்லை. அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

நல்லவேளை, கழற்றிய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்தேன். வேறு கணினியில், எழுத விடாமல் வாசிக்க மட்டும் திறந்து எல்லாவற்றையும் மீட்டோம். கழற்றிய பிறகு போட்ட பில்களை மட்டும் கார்பன் கொப்பி பார்த்து திங்கட்கிழமை திரும்ப அடித்தார்கள்.

அதனால் இப்போது என் வழி வேறு. முதலில் பெக்கப். அடுத்தது, பழைய டிஸ்க் இரண்டுக்கும் ஸ்மார்ட் நீண்ட சோதனை: டிஸ்க் தன்னைத்தானே முழுக்க வாசித்துப் பார்ப்பது. பிறகு, பெட்டியில் மூன்றாவது இடம் இருந்தால் பழையதைத் தொடாமல் புதியதை மூன்றாவது பிரதியாகச் சேர்ப்பேன். அதில் பிரதி முழுதாக ஏறிய பிறகே பழையதில் ஒன்று வெளியே வரும். அடுத்ததற்கும் அப்படியே. வேலை நடக்கும் எந்த நேரத்திலும் இரண்டு முழுப் பிரதி கையில் இருக்கும். மூன்றாவது இடம் இல்லாத பெட்டி என்றால், பெக்கப்பைத் திறந்து நாலு ஃபைலாவது பார்க்காமல் கை வைக்க மாட்டேன்.

கழற்றும்போது லேபிளில் உள்ள சீரியல் நம்பரைப் பாருங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர் சேர்வரை நிறுத்திப் போட்டால் மாறக்கூடும். நான் நம்பரின் கடைசி நாலு எழுத்தை மார்க்கரால் டிஸ்க் மாட்டும் டிரேயின் முகப்பில் எழுதி ஒட்டுகிறேன். தவறான டிஸ்க்கை இழுப்பதற்கு ஒரு நொடி போதும்.

இரண்டு புது டிஸ்க்கும் மாட்டிய பிறகு, "நாலு டெரா போட்டும் ஒண்டுதானே காட்டுது" என்று கேட்பார்கள். சரி, அது கோளாறு அல்ல. கீழிருந்து மேலே ஒவ்வொரு அடுக்காகப் பெருப்பிக்க வேண்டும்: பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி), ரெயிட், கடைசியில் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை). பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறை 2 டெராவுக்கு மேல் போகாது. புது டிஸ்க்கை முதலிலேயே ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்துவிடுங்கள். சேர்வரைத் தொடக்கிவிடும் பூட் லோடரைப் புது டிஸ்க் இரண்டிலும் போடுங்கள். இல்லாவிட்டால் பழையது வெளியே போனதும் சேர்வர் எழும்பாது.

நேரமும் வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட் என்று பார்த்தாலும், ஒரு டெரா பிரதியாக இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். பெருப்பித்த 3 டெராவை ஒத்திசைக்க இன்னும் ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல். போயா (பௌர்ணமி) லீவில் தொடங்குவது நல்லது. கார்த்திகை, மார்கழி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில், நல்ல யூபிஎஸ் இல்லாமல் வேண்டாம்.

ரெயிட் பெக்கப் ஆகாது. தவறி அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் அந்த நொடியே அழியும். 2004 இல் கடல் வந்த கரை இது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் ஒரே தண்ணீரில் போகும். அந்தக் கடையில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிரதி போர்ட்டபிள் டிஸ்க்கில் ஆரையம்பதியில் உள்ள முதலாளி வீட்டுக்குப் போகிறது. சனி இரவு சேர்வரை நிறுத்துவதுமில்லை.