மில்லிமீட்டர் அகல பிளேடு வளையாமல் அறுப்பது எப்படி?

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தலைகீழாக ஊன்றிய துப்பாக்கி, அதன் மேல் தலைக்கவசம், அடியில் ஒரு ஜோடி பூட்ஸ்: போரில் இறந்த தோழனுக்கு அமெரிக்கப் படையினர் வைக்கும் அடையாளம் இது. அந்த உருவத்தையும் அதன் கீழே ஒரு பெயரையும் ஸ்க்ரோல் ரம்பத்தில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, பலகையில் வளைவுகளை அறுக்கும் இயந்திரம்) மரத்தில் அறுத்தெடுக்க ஆசைப்படுகிறார். கேள்விகள் இரண்டு. கல்லில் அவ்வளவு சின்ன எழுத்துகளை எப்படி அத்தனை சுத்தமாகப் பொறித்தார்கள்? ஸ்க்ரோல் ரம்பத்தின் மெல்லிய பிளேடு எப்படி வளையாமல் கோட்டின் மேலேயே போகிறது?

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்தச் சுவரை வடிவமைத்தவர் மாயா லின். 1981-இல் நடந்த போட்டிக்கு 1,421 வடிவங்கள் வந்தன. வென்ற லின்னுக்கு அப்போது 21 வயது, யேல் பல்கலைக்கழக மாணவி. 1982 நவம்பரில் சுவர் திறக்கப்பட்டது. பார்ப்பவர் முகம் தெரியுமளவு மெருகேற்றிய கறுப்புக் கிரானைட். கல் பெங்களூரு பக்கத்திலிருந்து போனது. அதில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வோர் எழுத்தும் சுமார் 13 மில்லிமீட்டர் உயரம். உளியால் கொத்தவில்லை. எழுத்து வடிவத் திறப்புகள் கொண்ட மறைப்புப் படலத்தைக் கல்லின் மேல் ஒட்டி, கடினமான துகள்களைக் காற்றழுத்தத்தில் வேகமாக அடித்தார்கள். கிரானைட் கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. துகள் மோதும் இடத்தில் நுண்ணிய விரிசல் விழுந்து சில்லு பெயர்கிறது. நெகிழ்வான படலமோ மோதலை வாங்கிக்கொண்டு துகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கடினமானது தேய, மெத்தென்றது தப்பிக்கிறது. காற்றில் பறக்கும் மணல் பாறையை அரிப்பதும் இதே வழியில்தான்.

கல்லுக்கும் மரத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கல்லில் எழுத்து பள்ளமாக இறங்குகிறது. ஆங்கில ‘ஓ’வின் நடுவில் உள்ள தீவு, பின்னால் இருக்கும் பாறையோடு ஒட்டியே நிற்கும். ஸ்க்ரோல் ரம்பம் பலகையை ஊடுருவி அறுக்கிறது. ‘ஓ’வைச் சுற்றி அறுத்ததும் நடுத்தீவு கையோடு விழுந்துவிடும். ‘ஆர்’, ‘டி’, ‘பி’ எல்லாவற்றுக்கும் இதே கதி. அதனால் தீவை வெளிப்பலகையோடு பிணைக்கும் சின்னப் பாலங்களை வரைபடத்திலேயே விட்டுவைக்க வேண்டும். அப்படி விட்டபின் ஒவ்வொரு திறப்பும் பலகையின் நடுவில் மூடிய வடிவமாக ஆகிறது. ஓரத்திலிருந்து பிளேடு உள்ளே நுழைய வழியில்லை. எனவே ஒவ்வொரு திறப்பிலும் ஒரு துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளை வழியாக நுழைத்து, மறுபடி மாட்டி இறுக்க வேண்டும். நூறு திறப்புள்ள உருவத்துக்கு நூறு முறை. பொறுமைதான் வேறென்ன.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி இது.

5-ஆம் எண் பிளேடை எடுத்துக்கொள்வோம். நீளம் 127 மில்லிமீட்டர். முன்னிருந்து பின் வரை அகலம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், தடிமன் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். இரு முனைகளும் பிடிக்குள் போனபின் வெளியே தெரிவது சுமார் 100 மில்லிமீட்டர். இதை இறுக்காமல் சும்மா மாட்டி, நடுவில் பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகும்? எஃகின் மீள்தன்மையை வைத்துக் கணக்குப் போட்டால், 1 மில்லிமீட்டர் வளைய வெறும் 5 கிராம் எடைக்குச் சமமான விசை போதும். மரத்தை லேசாகத் திருப்பினாலே பிளேடு வழிவிட்டு ஓடிவிடும்.

இப்போது அதே பிளேடை 130 நியூட்டன், அதாவது சுமார் 13 கிலோ எடை தொங்குவதற்குச் சமமாக, இரு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். அதே 1 மில்லிமீட்டருக்கு இனி அரை கிலோவுக்கும் மேல் தள்ள வேண்டும். உலோகம் மாறவில்லை, தடிமன் கூடவில்லை, விறைப்பு மட்டும் நூறு மடங்கு ஆகிவிட்டது. இழுத்துக் கட்டிய பிளேடை நடுவில் தள்ளினால் அது இரண்டு சாய்ந்த கோடுகளாகப் பிரிகிறது. இரு பக்க இழுவிசைக்கும் இப்போது திரும்ப நேராக்கும் ஒரு கூறு கிடைக்கிறது. பள்ளியில் படித்த விசைப் பகுப்பு அவ்வளவே. ஆக, ஸ்க்ரோல் ரம்பத்தில் கோட்டைக் காப்பாற்றுவதில் எஃகின் கெட்டித்தனத்தைவிட இழுப்புக்குத்தான் பெரிய பங்கு.

இது வீணைத் தந்தியின் இயற்பியல்தான். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பிளேடை மாட்டியதும் விரலால் மீட்டிக் கேட்கிறார்கள். மந்தமாக ‘தொப்’ என்றால் போதாது. தெளிவான உயர்ந்த சுரம் வர வேண்டும். பியானோவின் நடு ‘சி’யிலிருந்து இரண்டு ஸ்தாயி மேலே இருக்கும் ‘சி’ வரை இறுக்கச் சொல்வார்கள். அதன் அதிர்வெண் சுமார் 1,046 ஹெர்ட்ஸ். தந்தியின் அதிர்வெண்ணுக்கான சூத்திரம் தெரிந்ததே: இழுவிசையை நீள அலகுக்கான நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, நீளத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். நம் பிளேடின் நிறை மீட்டருக்குச் சுமார் 3 கிராம், நீளம் 100 மில்லிமீட்டர். போட்டுப் பாருங்கள், 1,046 ஹெர்ட்ஸுக்குத் தேவையான இழுவிசை 130 நியூட்டன் பக்கம் வந்து நிற்கும். மேலே சொன்ன 130 அங்கிருந்து வந்ததுதான். காது ஓர் இழுவிசைமானியாக வேலை செய்கிறது!

இறுக்கினால் மட்டும் போதாது. பிளேடு நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் ஏறி இறங்குகிறது. அந்த ஓட்டம் முழுக்க இழுவிசை மாறாமல் இருக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் பிளேடின் மேல்முனையை ஒரு சுருள்வில் பிடித்திருக்கும். பிளேடு இறங்கும்போது வில் நீண்டு இழுப்பு கூடும், ஏறும்போது குறையும். ஒரே வெட்டுக்குள் ஒரு கணம் விறைப்பு, மறுகணம் தளர்ச்சி.

இதற்குக் கிடைத்த தீர்வு ஓர் இணைகரம். மேலே ஒரு கை, கீழே அதே நீளத்தில் ஒரு கை. இரண்டும் தனித்தனி அச்சில் ஆடும். முன்முனைகளுக்கு நடுவே பிளேடு, பின்முனைகளுக்கு நடுவே ஓர் இழுப்புக் கம்பி. கைகள் எந்தக் கோணத்தில் ஆடினாலும் இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமமாகவே இருக்கும், எனவே முன்முனைகளின் இடைவெளி மாறாது, இழுவிசையும் மாறாது. மோட்டார் ஆட்டுவது கீழ்க்கையை மட்டும். கீழே வரும்போது பிளேடு மேல்கையை இழுத்துக்கொண்டு வருகிறது. மேலே போகும்போது? மெல்லிய பிளேடால் எதையும் தள்ள முடியாது, மடங்கிவிடும். அங்கே பின்கம்பி பொறுப்பேற்கிறது. கீழ்க்கையின் முன்முனை உயர்ந்தால் பின்முனை தாழும், அது கம்பியை இழுக்கும், கம்பி மேல்கையின் பின்முனையைத் தாழ்த்தும், அதன் முன்முனை உயர்ந்துவிடும். ஒரு சுற்று முழுக்க பிளேடு இழுபடுகிறதே தவிர ஒரு கணமும் தள்ளப்படுவதில்லை. எட்டாம் வகுப்பு வடிவியலை வைத்து இத்தனை அழகாக ஒரு சிக்கலைத் தீர்த்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கூர்மூலைகளில் திரும்புவதும் இதனால்தான் சாத்தியம். 1 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளேடு, அறுத்த வெட்டின் அகலமோ அரை மில்லிமீட்டர்தான். நின்ற இடத்தில் திரும்ப வேண்டுமென்றால் 1 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வேண்டும். முன்னே தள்ளுவதை நிறுத்தி, பிளேடின் பல்லில்லாத முதுகுப் பக்கம் மரம் லேசாகச் சாயும்படி பிடித்து, ஓடும் பிளேடைச் சுற்றி மரத்தைச் சட்டென்று திருப்பினால், பல்லே அந்த இடத்தைக் குடைந்து கொடுத்துவிடும். இழுப்பு குறைவாக இருந்தால் இந்தத் திருப்பத்தில் பிளேடு முறுக்கிக்கொண்டு, மேற்பரப்பில் சதுரமாகவும் அடிப்பரப்பில் கோணலாகவும் மூலை வரும்.

நன்றாக அறுப்பவரைப் பார்த்து ‘கைராசி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ராசி என்று சொன்ன நிமிடமே கற்றுக்கொடுக்கும் வழி அடைபட்டுப் போகிறது. காதால் சுரம் பார்ப்பது அளவிடக்கூடியது, சூத்திரத்தில் எழுதக்கூடியது, ஒரு மணி நேரத்தில் இன்னொருவருக்குச் சொல்லித்தரக்கூடியது. இசைக்கருவித் தந்திகளை ஆராயச் செலவிடும் உழைப்பிலும் பணத்திலும் ஒரு சிறு பங்கு தச்சுக் கருவிகளுக்கும் வர வேண்டும் என்பது என் கருத்து. பயிற்சிப் பட்டறைகளில் பிளேடு மாட்டும் பாடத்தோடு அதிர்வெண் பாடத்தையும் சேர்த்து நடத்தினால் இரண்டும் சுலபமாகப் புரியும்.

இனி வாசகரின் உருவத்துக்கு வருகிறேன். பலகைக்கு 6 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் எடுங்கள். மரம் நார்த் திசையில் வலுவானது, குறுக்கே பல மடங்கு பலவீனமானது. பிளைவுட்டில் அடுத்தடுத்த அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடுவதால் துப்பாக்கியின் தோள்வார் போன்ற மெல்லிய பகுதிகள் எந்தப் பக்கம் வளைந்தாலும் சட்டென்று முறியாது. உள்ளே உள்ள சின்னத் திறப்புகளை முதலில் அறுங்கள். சுற்றிலும் மரம் இருக்கும்வரை பலகை அதிராது. வார், குழல் இரண்டையும் கடைசிக்கு வையுங்கள். புதிதாக வாங்கிய பிளேடு கோட்டிலிருந்து ஒரே பக்கமாக விலகினால் உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம். தயாரிப்பில் பிளேடுக்குப் பல் வெட்டும்போது ஒரு பக்கம் மட்டும் பிசிர் தங்கிவிடுவதால் பல பிளேடுகள் அப்படித்தான் இழுக்கும், மரத்தைச் சில பாகை திருப்பிப் பிடித்து ஈடுகட்டிக்கொள்ளலாம்.

பெயரைச் சுவரில் இருப்பதுபோல் 13 மில்லிமீட்டரில் வைக்க வேண்டாம். பிளேடு நுழைய சுமார் 1.5 மில்லிமீட்டர் துளை தேவை, அதற்கு அப்புறம் பாலத்துக்கு மரமே மிஞ்சாது. உயரத்தை இருமடங்காக்கி, 5-ஆம் எண்ணுக்குப் பதில் 2-ஆம் எண் பிளேடு போடுங்கள், பாலங்களுக்கு 2 மில்லிமீட்டராவது விடுங்கள். மெல்லிய பிளேடு அதே இழுப்பைத் தாங்காது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் மீட்டிக் கேளுங்கள்.