ஈமப் பொருள்: குழிக்குள் வைத்ததெல்லாம் படையலா?

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில், பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகளைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். விளக்கம் சொன்னவர், "இதுக்குள்ள செத்தவங்களுக்குப் படையல் வெச்சிருப்பாங்க. படையல் அதிகமா இருந்தா அவர் பெரிய ஆள்" என்றார். ஒரு பையன் உடனே, "அப்போ அவரைச் சாமியா கும்பிட்டாங்களா சார்?" என்று கேட்டான். படையல் என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பையன் மேல் தவறில்லை, தவறு சொல்லில் இருக்கிறது. அருங்காட்சி அட்டையிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரையிலும் இதே 'ஈமப் படையல்' திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

தொல்லியலார் 'கிரேவ் குட்ஸ்' என்பது, இறந்தவரைப் புதைக்கும்போது உடலோடோ எலும்போடோ சேர்த்து உள்ளே வைக்கும் பொருள்களை. மண்கலம், மணி, வாள், அணிகலன் எதுவும் இதில் அடங்கும். இதற்குத் தமிழில் ஈமப் பொருள் என்ற நேரான சொல் இருக்கிறது. ஈமம் என்றால் பிணம் சுடும் விறகடுக்கு, சுடுகாடு. 'கருங்கோட்டு ஈமம்' என்று புறநானூறு 246 அதைத்தான் சொல்கிறது. எரிப்பதற்கு உரிய சொல்லைப் புதைப்பதற்கு எப்படிப் போடுவது என்று சிலர் கேட்கிறார்கள். அதே நூலின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண் குயவனிடம் 'ஈமத்தாழி'யைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். தாழிக்கே பொருந்திய சொல், தாழிக்குள் வைத்த பொருளுக்குப் பொருந்தாதா?

'கல்லறைப் பொருள்' என்றும் எழுதுகிறார்கள். கல்திட்டைக்கும் மண்ணுக்குள் அமைத்த கற்பதுக்கைக்கும் அது பொருந்தும், இரண்டும் உண்மையிலேயே கல்லால் ஆன அறைகள்தான். முதுமக்கள் தாழியில் கல்லும் இல்லை, அறையும் இல்லை. 'புதையல்' என்று எழுதுபவர்களிடம் கெஞ்சித்தான் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று சொல்லும் கல்திட்டைகள் உடைந்து கிடப்பதற்குப் புதையல் ஆசையும் ஒரு காரணம். அந்தச் சொல்தான் ஆளின் கையில் கடப்பாரையைக் கொடுக்கிறது.

சரி, படையலுக்கு வருகிறேன். அழகான சொல், பழைய சொல். படைத்தல் என்றால் முன்னே வைத்துப் பரிமாறுவது, கொடுப்பது. அதனால்தான் தனித்தமிழ் விரும்பும் நண்பர்கள் அதை விட மறுக்கிறார்கள். எனக்கும் தனித்தமிழ் மேல் ஆசை உண்டு. ஆனால் தூய சொல்லாக இருந்தால் மட்டும் போதாது, அது சரியான இடத்தில் உட்கார வேண்டும்.

படையல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நம் இலக்கியமே காட்டுகிறது. தகடூர் நம் தருமபுரிதான். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது புறம் 232. அவன் நினைவாக நட்ட நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். மலையும் நாடும் சேர்த்துக் கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானோ என்று அவர் கலங்குகிறார். அது படையல். கல் வெளியே நிற்கிறது, ஊர் அதன் முன்னே வந்து மீண்டும் மீண்டும் படைக்கிறது. தொல்காப்பியமும் 'பெரும்படை' என்ற படையலை நடுகல் நடுவது பற்றிய துறைகளில்தான் வைக்கிறது. குழிக்குள் ஒரே முறை வைத்து மூடிவிடுவது வேறு செயல்.

ஊர்வழக்கிலும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. எங்கள் ஆயாவைப் புதைத்தபோது அவருடைய வெற்றிலைச் சுருக்குப்பையை அத்தை குழிக்குள் வைத்தார். நெற்றிக்காசும் கோடித்துணியும் உடம்போடு போயின. யாரும் அவற்றைப் படையல் என்று சொல்லவில்லை. "அவங்க பொருளு, கூடவே போகட்டும்" என்றார் அத்தை. பதினாறாம் நாள் இலை போட்டு, அவருக்குப் பிடித்த ராகிக் களியும் கீரையும் வைத்தோமே, அதுதான் படையல். எங்கள் அத்தைக்குத் தெரிந்த வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் ஈமச்சின்னத்தில் இரும்பு வாள் கிடைத்தது. அதைப் படையல் என்று எழுதினால் கேள்வி எழும் முன்பே விடை சொன்னதாகிவிடும். அந்த வாள் இறந்தவர் பிடித்ததா, உறவினர் கொடுத்ததா, வேறு யாரும் அதைப் பிடிக்கக் கூடாது என்று வைத்ததா? 'பொருள்' என்றால் எல்லாக் கேள்விகளும் திறந்தே இருக்கும். பழனி அருகே பொருந்தலில் ஈமச்சின்னத்துக்குள் நான்கு கால் சாடியில் வைத்திருந்த நெல்லைப் படையல் என்று ஒருவர் வாதாடினால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். அவர் அதற்குக் காரணம் காட்டினால் போதும்.

அந்தஸ்து பற்றிய பேச்சும் இங்கேதான் குழம்புகிறது. 'உயர் அந்தஸ்துப் படையல்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். உயர்ந்தவர் யார், படைத்தவரா, படைக்கப்பட்டவரா? ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஒரே ஈமக்குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள் கிடைத்தன. ஆதிச்சநல்லூரில் பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. இவை எல்லாக் குழியிலும் கிடைப்பதில்லை என்பதால்தான் செல்வமும் செல்வாக்கும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்று ஊகிக்கிறோம். ரஷ்யாவின் சுங்கீரில் சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தபோது, மாமூத் என்ற அழிந்துபோன யானையினத்தின் தந்தத்தில் செய்த 10,000க்கும் மேற்பட்ட மணிகளை உடன் வைத்தார்கள். அந்த வயதில் பிள்ளைகள் வேட்டையாடிப் பெயர் வாங்கியிருக்க முடியாது. அப்படியானால் அந்த மதிப்பு பிறப்பால் வந்ததா, இல்லை கூட்டமே பிள்ளைகளுக்காக அழுது செய்த வேலையா? பல்கேரியாவின் வர்ணாவில் ஒருவரின் குழியில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பொன் இருந்தது. அதே இடுகாட்டில் உடலே இல்லாத குழிகளிலும் பொன் வைத்திருந்தார்கள். அந்தக் குழிகளில் இருந்தது யாருடைய அந்தஸ்து?

அந்தஸ்து என்ற சொல்லையே நான் தவிர்ப்பேன். 'சமூக நிலை' போதும். மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில வரியைப் பார்த்து அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டாமல், குழிக்குள் என்ன நடந்தது என்று முதலில் கண்ணை மூடி நினைத்துப் பார்க்கட்டும். அப்புறம் எழுதட்டும்.

அன்று மலையிறங்கும்போது அந்தப் பையனிடம், "சாமியா கும்பிட்டாங்களான்னு இன்னும் தெரியாதுப்பா. அவர்கூட வெச்ச பொருள், ஈமப் பொருள்" என்றேன். "அப்போ அது அவரோடதா?" என்று அடுத்த கேள்வி கேட்டான்.